ஃபாதரா, கார்டியனா?

நாமக்கல் ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே பிரியாணி வாசனைதான்... பார்க்க வரும் பெற்றோர் எல்லாரும் தூக்குப்போசியோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள்.

என் அப்பாவிடம் மட்டும் டீசல் வாசனை வரும். லாரி டிரைவர். லோடு இறக்கின கையோடு, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் ஓடி வந்துவிடுவார்.

வாட்ச்மேன் ரூமில் ஒரு ரெஜிஸ்டர் இருக்கும். வந்தவர் பெயர், என்ன உறவு என்று இங்கிலீஷில் எழுத வேண்டும். அப்பாவுக்கு எழுத வராது, நான்தான் எழுதுவேன்.

பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு ஞாயிறு... ரூம்மேட் சுகன்யா பின்னாலேயே நின்றாள். அவள் அப்பா காரில் வந்திருந்தார்.

"யாருடி அது?"

"எங்க வண்டி டிரைவர்..." என்று அவள் காதோடு சொன்னேன். என் கை 'கார்டியன்' என்று எழுதியது.

ஃபாதர் என்றால் அப்பா. அவர் இல்லாத இடத்தில் பொறுப்பாக நிற்பவர் கார்டியன். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

சுகன்யா அவள் அப்பாவிடம் போனதும், என் அப்பா ரெஜிஸ்டரை எட்டிப் பார்த்தார். "போன தடவ எழுதுனது வேறயாட்டம் இருந்துச்சே சாமி?"

"இது கார்டியனுங்கப்பா. ஃபாதரைவிடப் பெருசு. முழுப் பொறுப்பும் உங்களுதுன்னு அர்த்தம்."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்...

அதற்கப்புறம் எந்த ஃபாரம் வந்தாலும், "கார்டியன்னே போடு சாமி" என்பார். என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம்கூட, "இவளுக்கு நாந்தானுங்க கார்டியன்" என்று பெருமையாகச் சொன்னார். அவர்கள் விழித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உண்மையைச் சொல்ல இன்றுவரை வாய் வரவில்லை.

இப்போது அந்த ஹாஸ்டலில் ரெஜிஸ்டர் இல்லையாம், எல்லாம் ஆப்தானாம். அப்பாவும் வண்டியை விட்டுப் பல வருசம் ஆகிறது.

போன வாரம் அவருக்குக் கண் ஆபரேஷன். நர்ஸ் ஃபாரத்தோடு வந்து, "கூட வந்திருக்கறது யாருங்கய்யா?" என்று கேட்டார்.

"என்ற கார்டியனுங்க."

"பொண்ணு இல்லீங்களா?"

எனக்கு உடம்பே கூசிப்போனது. "பொண்ணுன்னே எழுதச் சொல்லுங்கப்பா..." என்றேன்.

அப்பா என் கையைத் தடவிக் கொடுத்தார்.

"ஏஞ்சாமி கொறச்சு எழுதோணும்?"