அது ரக்டர் சூடு இல்லை

என் பெயரைப் போடாதீர்கள். நான் தர்மபுரத்தில் ரக்டர், அதாவது உழவு இயந்திரம், ஓட்டுபவன். எச்.ஐ.வி.க்குப் பல வருடங்களாக மருந்து எடுக்கிறேன்.

சென்ற காலபோக நெல் உழவின்போது மலத்தோடு இரத்தம் போனது. எங்கள் பக்கத்தில் ரக்டர்க்காரனுக்கு இரத்தம் போனால் அது ரக்டர் சூட்டில் வந்த மூலம்தான். நானும் வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். நிற்கவில்லை.

வைத்தியசாலைக்குப் போய், என் நோயை மறைக்காமல் சொன்னேன். வைத்தியர் தான் இருந்த கதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ரக்டர் ஓடுறனீர்தானே? மூலம். களிம்பு தாறன், பூசும்."

படுக்கச் சொல்லிப் பார்க்கக்கூட இல்லை. மாதக்கணக்கில் அந்தக் களிம்பைப் பூசினேன்.

பிறகு நான் மருந்தெடுக்கும் கிளினிக்குக்குப் புதிதாக வந்த பெண் வைத்தியர் கையுறை போட்டு மலவாசலைச் சோதித்தார். சதைத் துண்டெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய்க்கு முந்திய நிலை என்று முடிவு வந்தது.

"முந்தி அவ்விடத்தில மரு வந்ததோ? சிகரெட் பத்துறனீங்களோ? எச்.ஐ.வி. மருந்து தொடங்கப் பிந்தினதோ?"

மூன்றுக்கும் ஓம் என்றேன்.

"புற்றுநோய் வரக்கூடிய காரணம் இவ்வளவும் இருக்கிற ஆளை ஒருத்தரும் பாக்கேல்லையோ?"

அவர் கோபப்பட்ட பிறகுதான் எனக்குக் கோபப்பட உரிமை இருப்பதே தெரிந்தது. அந்தக் கதிரை பின்னால் போன சத்தம் இன்னும் காதில் கிடக்கிறது.

கெட்ட சதையை அகற்றினார்கள், தப்பினேன். சிகரெட்டை விட்டுவிட்டேன். சொன்ன தவணைக்குச் சோதனைக்குப் போகிறேன். எந்த வைத்தியராவது பார்க்காமலே மருந்து எழுதப் பேனையை எடுத்தால், நானே கட்டிலில் ஏறிப் படுத்துவிடுகிறேன்.

"முதல் கையுறையைப் போடுங்கோ டொக்டர். பேனை பிறகு."