பதினேழாவது பெயர்

மாமாவின் மில்லில் வேலை செய்யப்போகிறவர்களின் பட்டியலை எழுதியது நான்தான். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. என் கையெழுத்து அழகு என்று மாமா அந்த நோட்டை என்னிடமே கொடுத்துவைத்திருந்தார்.

திண்டிவனத்துக்கும் பெருமுக்கலுக்கும் நடுவில் எங்கள் ஊர். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையைப் பிடுங்கி முடிந்த கொல்லையைக் கூலிக்கு வந்த பெண்கள் மறுபடி கிளறி, மண்ணில் தங்கிவிட்ட காய்களைப் பொறுக்கிக்கொள்வார்கள். அது அவர்களுக்கு. நிலத்துக்காரர் கேட்பதில்லை. வேலை இல்லாத மாதங்களை அந்தக் காயை வைத்துத்தான் ஓட்டுவார்கள்.

அந்த வருடம், நிலத்துக்காரரான மாமா களத்தில் நின்று கேட்டார். “இந்த ஒரு போகம் யாரும் கொல்லைய கிளறாதீங்க. அந்தக் காயும் சேந்தாதான் மில்லு வெக்க முடியும். மில்லு வந்துட்டா வூட்டுக்கு ஒரு ஆளுக்கு வருசம் பூரா வேலை. நான் நல்லா இருந்தா நீங்க நல்லா இருக்க மாட்டீங்களா?”

“உக்கார நாற்காலி போடுவீங்களாய்யா?” என்றது ஒரு குரல்.

“ஃபேனே போடறேன், போ.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்போடு சரி என்றும் சொல்லிவிட்டார்கள்.

அஞ்சலை மட்டும் என்னிடம் வந்தாள். அவள் மகள் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள். காய் போதாத வருடங்களில் இருவரும் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள். படிப்பு பாதியில் நிற்கும்.

“எம்பேர எழுதிட்டியா பாப்பா?”

“எழுதிட்டேன். பதினேழாவது.”

“நல்லா அழுத்தி எழுது. இந்த வருசமாச்சும் இவள சூளைக்கு இட்டுக்கினு போவக் கூடாது.”

மில் வந்தது. மல்லாட்டை உடைக்கும் இயந்திரத்துக்கு இரண்டு ஆள் போதும் என்பது அது வந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. விழுப்புரத்திலிருந்து ஒரு மெக்கானிக். இன்னொருவர் அத்தையின் தம்பி. அதுவரை பெண்கள் வீட்டில் உட்கார்ந்து கூலிக்குக் காய் உடைத்துக்கொண்டிருந்ததும் அதோடு நின்றது. கேட்டவர்களிடம் மாமா, “மொதல்ல மில்லு காலூனட்டும், அப்புறம் எல்லாருக்கும்தான்” என்றார். அவர் பொய் சொன்னார் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. அடுத்து டிராக்டர் வந்தது. பிறகு வீட்டுக்கு மாடி.

அஞ்சலை மாமாவிடம் போகவில்லை. வாரம் தவறாமல் என்னிடம்தான் வந்தாள். நான் நோட்டைப் பிரித்துப் பதினேழாவது வரியில் விரல் வைப்பேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மகள் எட்டிப் பார்த்து, “இர்க்குதும்மா” என்பாள். அது போதும் என்பதுபோல் இருவரும் போவார்கள்.

பொங்கல் கழிந்த ஒரு காலையில் மூட்டையோடு எங்கள் வாசலில் நின்றார்கள்.

“சூளைக்கு போறோம் பாப்பா. பேர மட்டும் அடிச்சிடாத.”

“என் எடத்துல யாரையும் உக்கார வெக்காதடி” என்றாள் மகள்.

நான் பெயரை அடிக்கவில்லை. ஆனால் நோட்டு சரியாக இருக்க வேண்டும் அல்லவா? அளவுகோல் வைத்து ஓரத்தில் ஒரு கோடு போட்டு, அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ‘ஊரில் இல்லை’ என்று எழுதினேன்.

கோடையில் ஒருநாள், களத்தில் நாலைந்து பெண்கள் மாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள். “எங்கள வுடுங்க. புருசன் இல்லாதவ, அந்த அஞ்சலைக்காச்சும் ஒரு வேலை போட்டுக் குடுத்திருக்கலாமேய்யா” என்றாள் ஒருத்தி. மாமா என்னிடமிருந்த நோட்டை வாங்கிப் பிரித்தார்.

“குடுக்கலாம்னு பாத்தா ஆளு ஊர்ல இருக்கணுமில்ல? நானா சொல்றேன்? பாப்பாவே எழுதி வெச்சிருக்குது பாரு.”

சூழ்ந்து நின்றவர்கள் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு வழி விட்டார்கள். மாமா என் தலையைத் தடவிக்கொடுத்தார். அத்தனை பேர் முன்னால் என் எழுத்து எடுபட்டதில் அன்று முழுக்க எனக்குப் பெருமை.

நான் எழுதியதில் தவறு ஒன்றும் இல்லை. அவள் ஊரில் இல்லைதான். அந்த வரியில் இன்னும் நாலு சொல் எழுத இடம் இருந்தது. ஏன் இல்லை என்பதையும் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.