சமையலறையில் பாடியவரின் கசெட்

லண்டனில் அம்மா கும்பிட்டது வெஸ்ட் ஈலிங் அம்மனை. சித்தப்பா கும்பிட்டது ஓர் இங்கிலீஷ் பாட்டுக்காரரை. தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுகிறவர். பெயர் சொன்னால் உங்களுக்கும் தெரியும். ஆனால் சித்தப்பா கொண்டாடியது கடையில் கிடைத்த பாட்டுகளை அல்ல. அந்த மனிதர் பேரெடுப்பதற்கு முன் தன் சமையலறையில் கிட்டாருடன் உட்கார்ந்து பதிந்தவற்றை. அவருடைய பழைய அயலவர் ஒருவர், சித்தப்பா வேலை செய்த பெட்ரோல் ஸ்டேஷனுக்கு வந்துபோகிறவர், அதைக் கசெட்டில் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தார். கொடுத்தவர் பிறகு வீடு மாறி எங்கோ போய்விட்டார். ஆகவே அந்த ஒரு கசெட்தான்.

அருமையான பதிவு, இன்றும் சொல்வேன். தேநீர்க் கேத்தில் கொதிக்கும், நாற்காலி கிறீச்சிடும். ஒரு பாட்டின் நடுவில் வரி மறந்து நின்றுவிடுவார். மூச்சு மட்டும் கேட்கும். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். சித்தப்பா கையை உயர்த்தி என் வாயை அடைப்பார்.

"இந்த இடத்தைக் கேள் பிள்ளை. பிறகு ஸ்ரூடியோவில பாடேக்க இதை வெட்டிப்போட்டாங்கள்."

ஏதோ அவருடைய காணியைப் பிடித்துக்கொண்டதுபோல் முகம் போகும்.

அம்மாவுக்குக் கசெட் என்பது வேறு சங்கதி. யாழ்ப்பாணத்தில் அப்போது போன் இல்லை. பேச்சைப் பதிந்து, ஊருக்குப் போகிறவர் கையில் பெரியம்மாவுக்குக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். அழியக்கூடாதென்று கசெட்டின் தலையில் உடைத்து வைத்த ஓட்டையைக் கடதாசியால் அடைத்து, மேலே பதிகிற வித்தை எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் கைவந்தது. மேலே பேர் எழுதாத கசெட்டுக்கு எங்கள் வீட்டில் உரிமையாளரும் கிடையாது. ஒரு சனிக்கிழமை அம்மா சித்தப்பாவின் கசெட்டில் அப்படித்தான் பதிந்தார். மறுநாள் காலை கோயிலில் வைத்து, பயணம் போகவிருந்த ஒருவரிடம் கொடுத்தும்விட்டார்.

விஷயம் தெரிந்ததும் சித்தப்பா சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். பயணக்காரர் வாசலில் காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அந்தக் கசெட்டை ஒருக்காப் போடுங்கோ. பாட்டு மிச்சம் இருக்கோ எண்டு பாக்கவேணும்."

கார் ரேடியோவில் போட்டார். அம்மாவின் குரல் வந்தது. எல்லாரும் சுகம், குளிர்தான் கூட, பிள்ளை நல்லாப் படிக்கிறாள். டக்கென்று நின்றது. அந்த இடத்தில் பாட்டுக்காரர் அரை வரி பாடினார். பேசியதைத் திருப்பிப் போட்டுக் கேட்டு, கொஞ்சம் தாண்டவிட்டுத்தான் அம்மா மறுபடி பதிந்திருக்க வேண்டும். பிறகு அம்மா, முன்னதைவிடத் தாழ்ந்த குரலில். "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அக்கா." மறுபடி கிட்டார். மறுபடி அம்மா, மூக்கடைத்த குரலில், குளிரைப் பற்றியே. எனக்குச் சிரிப்பு வந்தது. சித்தப்பா கையை உயர்த்தினார்.

மறுபக்கத்தில் பாட்டுகள் அப்படியே இருந்தன.

"வேணுமெண்டால் எடும் தம்பி," என்றார் பயணக்காரர். "நான் இப்ப நேர எயார்போட்டுக்குத்தான் போறன். எல்லாரும் சுகம் எண்டுதானே சொல்லியிருக்கிறா. அதை நான் வாயால சொல்லிவிடுறன்."

சித்தப்பா கசெட்டை வெளியே எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அவரிடமே நீட்டினார்.

"இல்லை அண்ணை. இதையே குடுங்கோ."

வெம்பிளிக்குத் திரும்பும் பஸ்ஸில், ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"பெரியம்மா கேக்கட்டும்."

"அவவுக்கு இங்கிலீசுப் பாட்டு விளங்குமோ?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் பாட்டுக்காரர் யாழ்ப்பாணம்வரை போய்விட்டார் என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தேன்.

இப்போது அந்தச் சமையலறைப் பதிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். வேலைக்குப் போகும் ரயிலில் கேட்கிறேன். கேத்திலும் இருக்கிறது, மறந்த வரியும் இருக்கிறது. அவர் நிற்கிற அந்த இடத்தில் என் கை தானாக உயர்கிறது. காது அம்மாவின் குரலுக்குக் காத்திருக்கிறது.

அன்று அம்மாவுக்குச் சளித் தடிமன் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.