நோன்புக் கஞ்சியும் பூட்டிய பெட்டியும்

மொய்னுதீன் விடுதி வைத்துப் பதினோரு வருஷம். கீழே இரண்டு அறை, மாடியில் நான்கு. வீடே வாடகை வீடுதான். ஊருக்கெல்லாம் பாய் விரித்தும் தமக்குத் தூக்கமில்லை என்று சலித்துக்கொள்வார்.

1958 தொடக்கத்தில் தெய்வசிகாமணி என்ற கமிஷன் வியாபாரி மாடிக்கு வந்தார். முதல் மாத வாடகை கொடுத்தார். ரசீது கேட்கவில்லை, இவரும் எழுதவில்லை. பிறகு நான்கு மாதம் "நாளைக்கு பாய்"தான். வீட்டுக்காரர் கிருஷ்ணசாமியோ, ஆடிக்குள் தன் வாடகைப் பாக்கி வராவிட்டால் மாடியைப் பூட்டிவிடுவேன் என்றுவிட்டார்.

மொய்னுதீன் வியாபாரியின் பெட்டியைப் பிடித்து வைத்தார். இந்த ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரன் கப்பலேறி நான்கு வருஷம். அவன் சட்டம் மட்டும் ஏறவில்லை. அதன்படி வாடகை தராதவரின் பெட்டியை விடுதிக்காரர் பிடித்து வைக்கலாம், விற்க மட்டும் நீதிபதி உத்தரவு வேண்டும். அதற்காக ஐந்து முறை கோர்ட்டுப் படி ஏறியதில் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஆறாம் முறை தெய்வசிகாமணியும் வந்தார்.

"நான் வாடகைக்கே இல்லீங்க, விருந்தாளி. நோன்பு மாசம் பூரா அவங்க வீட்டுக் கஞ்சிதான் குடிச்சேன். கேட்டுப் பாருங்க."

அயோக்கியன்! கஞ்சி போனது உண்மை. நோன்பு திறக்கும் நேரத்தில் விடுதியில் யார் இருந்தாலும் ஒரு செம்பு போகும்.

மொய்னுதீனின் வக்கீல் அவர் காதைக் கடித்தார். "காசு வாங்கினேன்னு சொல்லிடுங்க பாய். சாப்பாட்டோட வாடகைன்னு ஆயிடும்."

"கஞ்சிக்குக் காசு வாங்கினீரா?" என்றார் நீதிபதி.

மொய்னுதீன் வக்கீலைப் பார்க்காமல் நிமிர்ந்தார்.

"நோன்புக் கஞ்சிக்கு யாருங்க காசு வாங்குவாங்க?"

ரசீதும் இல்லை, சாட்சியும் இல்லை. வழக்கு தள்ளுபடி. பெட்டியை அவரே மாடியிலிருந்து இறக்கிக் கொடுத்தார். தெய்வசிகாமணி ஒரு கை பிடிக்கக்கூட இல்லை.

ஆடி முடிந்ததும் கிருஷ்ணசாமி மாடியைப் பூட்டினார். மொய்னுதீன் சண்டை போடவில்லை. அலுத்துப்போயிருந்தது.

அடுத்த நோன்பு வந்தது. மனைவி கனீஸ் பாத்திமா அகப்பையோடு கேட்டாள்: "ஏங்க, இந்த வருஷமாச்சும் நமக்கு மட்டும் காய்ச்சட்டுமா?"

அவருக்கும் அதுதான் ஆசை. மனசு அவ்வளவு கசந்திருந்தது.

"கீழ ரெண்டு ரூம்லயும் ஆளு இருக்குல்ல? ரெண்டு செம்பு எடு."

"அதுல ஒருத்தரு இன்னும் வாடகையே குடுக்கலீங்க!"

"தெரியும்," என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அந்தச் செம்ப நான் கொண்டுபோறேன்."