பாதியில் நின்ற ரோட்டர்

ரோட்டரைச் சுட வைப்பது சுருளியம்மாளின் வேலை. சோறு வடித்து இறக்கிய அடுப்பில் சிரட்டைக்கரியைப் பரப்பி, மோட்டாரின் வயிற்றுக்குள் சுழலும் அந்த இரும்பு உருளையை இடுக்கியால் புரட்டிப் புரட்டிச் சுடுவாள். சூட்டில் அதன் நடுத்துளை மயிரிழை விரியும். அந்த நேரம் பார்த்துப் புது ஷாப்டில், அதைத் தாங்கிச் சுழலும் அச்சுத்தண்டில், இறக்கிவிட வேண்டும். ஆறினால் பாதியிலேயே கவ்விக்கொள்ளும்.

ராசிங்காபுரத்திலிருந்து போடிக்கு வாக்கப்பட்டு வந்தவளுக்கு இதைப் பழக்கியவர் கணவர் அழகுமலை. வீட்டின் முன்கட்டுதான் அவருடைய லேத் பட்டறை. "எங்க வீட்ல சோத்தவிட இரும்புதான் பதமா வேகும்" என்று பக்கத்து வீட்டுக்காரிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். பதம் பார்க்கத் தண்ணீர் தெளிப்பாள். சுர்ரென்று வற்றினால் போதாது. துளி முத்தாக உருண்டு ஓட வேண்டும்.

எண்பத்து நாலு ஐப்பசியில் அவள் தம்பி சோலை ஜீப்பில் வந்து இறங்கினான். குரங்கணிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் சூட்டறைக்கு விறகு போடுகிறவன். சூட்டை உள்ளே தள்ளும் புளோயர் மோட்டாரின் ஷாப்ட் தேய்ந்துபோயிருந்தது. அழகுமலை புதிதாகக் கடைந்துவிட்டார். ரோட்டரை ஏற்றுவதுதான் பாக்கி.

"வெரசாக்கா. பச்சக்காய் குமிஞ்சு கெடக்கு. நெறம் போச்சுன்னா மேனேசரு என்னையத்தான் உலர்த்துவாரு."

"பொறுடா. இட்டிலியா என்ன, மூடியத் தெறந்து எடுக்க?"

"டிரைவரு ஆரன அடிக்கிறாரு, கேக்கலையா?"

துளி சுர்ரென்று வற்றியது. போதும் என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு விரற்கடை மிச்சமிருக்கையில் ரோட்டர் நின்றுவிட்டது. அழகுமலை அவளை ஒரு பார்வை பார்த்தார். கட்டையை வைத்துச் சம்மட்டியால் அடித்து இறக்கினார். லேத்தில் மாட்டிச் சுற்றியபோது ஷாப்டின் நுனி லேசாக ஆடியது.

"இந்தப் பறிப்புக்கு ஓடட்டும் மாப்ளே. முடிஞ்சதும் கழட்டிக் கொண்டா, வேற போட்டுத் தர்றேன்."

அந்த வாரமே ஷாப்ட் முறிந்தது. புளோயர் சக்கரம் தன் கூட்டைப் பிளந்துகொண்டு வந்து, விறகோடு குனிந்திருந்த சோலையை அடித்தது. ஜீப்பில் கீழே கொண்டுவரும்போதே உயிர் போய்விட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு, சோலையின் மனைவி சந்திரவல்லி சுவரோரம் உட்கார்ந்தபடி கேட்டாள்.

"அண்ணே, நீங்க மாட்டுனதுதான அது?"

"என் கைவேலதான் ஆத்தா" என்றார் அழகுமலை. "அடிச்சு எறக்குனேன். ஷாப்டு கோணிருச்சு. தெரிஞ்சேதான் குடுத்து விட்டேன்."

"எதுக்கு அடிக்கணும்? எங்கக்கா சுட்டுக் குடுத்தா வெண்ணெயா எறங்கும்னு அவரு பெருமையாச் சொல்லுவாரே."

அழகுமலை தரையைப் பார்த்தார். "அன்னைக்கு எறங்கலை."

சந்திரவல்லி திரும்பினாள். "மதினி, நீங்கதான சுட்டீங்க? சூடு சரியாத்தான இருந்துச்சு?"

சுருளியம்மாள் சாப்பிட்ட இலைகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். கடைசி இலையில் ஒட்டியிருந்த சோற்றை வழித்தாள்.

"மதினி, உங்களத்தான்."

இலைகளைத் தூக்கிக்கொண்டு சுருளியம்மாள் கொல்லைப்பக்கம் போனாள்.