கூரை வழியே போன கப்பல்

ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்த கணினி அனிமேஷன் வகுப்பில், இன்று திரையில் ஒரு கப்பலை வெறும் கோடுகளால் கட்டினேன். மேல்தோல் போர்த்தாத அந்தக் கூடு சுழன்றபோது, எழுபதுகளில் ராயபுரத்து ஓலை வீட்டுக்குள் மூங்கில் சிம்பால் நான் கட்டிய கப்பல் நினைவுக்கு வந்தது. மைதாப் பசை வாசனையும் கூடவே வந்தது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். ஸ்கேல் வைத்து அளந்து, கலர் காகிதம் ஒட்டி முடித்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் அது மாதா கோயிலில் குழந்தை இயேசுவின் குடிலை அலங்கரிக்கப் போயாக வேண்டும். தூக்கினால், வாசலில் நுழையவில்லை. வாசலை மட்டும் நான் அளக்கவே இல்லை.

"இன்னாடா சவரி, வூட்டுக்குள்ளயே கப்பல் வுடப் போறியா?" என்று பக்கத்து வீட்டு மேரியக்கா சிரித்தாள். எனக்கு அழுகை முட்டியது.

துறைமுகத்தில் சரக்கு இறக்கும் என் அப்பா, நாங்கள் கூப்பிடும் நைனா, வேலை முடிந்து வந்து பார்த்தார்.

"கப்பல்லேந்து சரக்க வாசப்படி வழியாவா எடுக்கறோம்? மேலதான தூக்கறோம்" என்று கூரையில் ஏறி ஓலையைப் பிரித்தார்.

"மழ வந்தா இன்னாய்யா பண்ணுவே?" என்று அம்மா கத்தினாள்.

"நனைவோம். புள்ள கட்னத ஒடிக்கச் சொல்றியா?"

நைனாவின் தோஸ்துகள் இரண்டு பேர் கயிற்றை இழுத்தார்கள். கப்பல் மெல்ல எழும்பி, தெருவே அண்ணாந்து பார்க்கக் கூரைக்கு மேலே நின்றது. "பாத்துண்ணே, காயிதம் கிழிஞ்சிடப் போவுது!" என்று பதறியவள் மேரியக்காதான்.

இன்று கணினி வகுப்பில் சார், திரையில் கப்பலை ஓடவிடச் சொன்னார். எல்லாரும் முன்னால் நகர்த்தினார்கள். நான் நேராக மேலே தூக்கினேன்.