ஓட்டைக் கழற்றியவன்

குழந்தைகளே, உங்கள் அப்பா ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்டதைக் கேளுங்கள்.

யுத்த காலத்தில், நான் சிறுவனாக இருந்தபோது, மயிலாப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் இருந்தார். குவெட்டா பட்டாளத்திலிருந்த அவருடைய தம்பி, பாதாம்போல உரித்துத் தின்னும் பைன் மரத்துக் கொட்டைகள் அனுப்பியிருந்தார். டீச்சர் அவற்றில் ஆறு கொட்டைகளைத் தொட்டிகளில் விதைத்தார். "இது காய்க்கிறப்போ கடிக்க எனக்குப் பல்லு இருக்காது" என்று அவரே சிரிப்பார். ஒன்றுதான் முளைத்தது. உடனே தம்பிக்கு எழுதிப் போட்டார்.

பிறகு டீச்சர் வேளாங்கண்ணிக்குப் போனார். தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு. முளையின் தலையில் கொட்டையின் ஓடு தொப்பிபோல மாட்டியிருந்தது. பாவம், திணறுகிறதே என்று பிடித்து இழுத்தேன். இலைகளும் ஓட்டோடு வந்துவிட்டன. வெறும் தண்டு நின்றது.

டீச்சர் திரும்பியதும், "அணில் கடிச்சிடுச்சு டீச்சர்" என்றேன்.

அவர் தொட்டிக்குள் கிடந்த ஓட்டை எடுத்துப் பார்த்தார். "அணிலு இவ்ளோ பதமாவா கழட்டும்? இன்னாப்பா, நீதானே?"

தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது.

"அது தானா கழட்டிக்கும்பா. சரி வுடு, நானே புடுங்கிட்டேன்னு தம்பிக்கு எழுதிடறேன். உன்னைன்னா திட்டுவான். அக்காவைத் திட்ட மாட்டான்."

தப்பை ஒப்புக்கொண்டால் அடிதான் என்று நினைத்திருந்தேன். அதைத் தன்மேல் போட்டுக்கொள்ளவும் ஆள் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

அவருடைய கடிதங்களைத் தபாலில் போடுவது நான்தான். விலாசம் மனப்பாடம். அன்று சாயங்காலம் தனியாக உட்கார்ந்து ஒரு கார்டு எழுதினேன்: "ஐயா, நாற்றைக் கெடுத்தது உங்கள் அக்கா இல்லை, நான்."